இங்க் பேனா எழுதலையா, கக்குதா, கீச்சுதா? நிப்புல கை வைக்கறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

பேனா எழுதலன்னா நம்ம கை நேரா நிப்புக்குத்தான் போகும். அத மட்டும் பண்ணாதீங்கன்னு சொல்லத்தான் இத எழுதுறேன். மதுரப்பக்கம் பேனா சேக்குற ஆளுக நாங்க ஒண்ணா உக்காந்து ஒருத்தர் பேனாவ ஒருத்தர் வாங்கி எழுதிப் பாக்குறப்ப வர்ற கோளாறுல முக்காவாசி நிப்புல இருக்கறதே இல்ல, மையில இருக்கும், கழுவுன தண்ணியில இருக்கும், பேப்பர்ல இருக்கும், இல்லன்னா பிடிக்கிற கையில இருக்கும். அதனால வரிசை இதுதான்: மொதல்ல கழுவுங்க, அப்பறம் மைய மாத்துங்க, பேப்பர மாத்துங்க, பிடிக்கிற சாய்வ மாத்துங்க, இம்புட்டும் பண்ணியும் சரியாகலன்னா மட்டும் நிப்பு. கழுவுனத இன்னொரு வாட்டி கழுவலாம், தேச்சு எடுத்த நிப்பு முனைய திரும்ப ஒட்ட முடியாது.

சாமான் ரொம்ப வேண்டியதில்ல. மெடிக்கல் ஷாப்புல ஒரு 5 மில்லி சிரிஞ்சு, பாத்திரம் கழுவுற லிக்விட், டிஷ்யூ பேப்பர், பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் (ஆசிட் இல்ல, தண்ணி, லேபிள பாத்து வாங்குங்க), பூதக்கண்ணாடி. கண்ணாடி மட்டும் நல்லதா வாங்குங்க, தெற்காவணி மூல வீதி பக்கம் நகை வேலை பாக்குறவங்க கண்ணுல வெச்சுப் பாக்குற 10எக்ஸ் லென்ஸ் இருக்கு பாருங்க, அது போதும், அதுக்குக் கம்மியா இருந்தா நிப்பு முனை சரியாத் தெரியாது. அப்பறம் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ். டிஸ்டில்டு வாட்டர் எதுக்குன்னா நம்ம ஊர்ல பாதி வீட்டுல போர் தண்ணி, உப்பு, பக்கெட்ல வெள்ளையா படியுதுல்ல, அதே உப்பு நிப்புக்கு அடியில வரி வரியா வெட்டு போட்ட கறுப்புக் கட்டை இருக்கே, ஃபீடு, அதோட வாய்க்கால்லயும் படியும். குழாத்தண்ணியில கழுவுங்க, பரவால்ல, கடைசி ரெண்டு வாட்டி மட்டும் டிஸ்டில்டுல அலசிருங்க.

மை ஃபுல்லா இருக்கு, ஒரு கோடு கூட விழல

புதுப் பேனான்னா மை ஊத்துறதுக்கு முன்னாடியே கழுவணும், கடைஞ்சு எடுத்த எண்ணெய்ப்பசை ஃபீடுக்குள்ள இருக்கும், எண்ணெய் இருக்கற எடத்துல மை ஒட்டாது. ஒரு டம்ளர் தண்ணியில லிக்விட் ஒரே ஒரு சொட்டு, அத சிரிஞ்சுல எடுத்து கழுத்து, அதான் விரல் பிடிக்கற பகுதி, அந்தப் பக்கமா நிப்பு வழியா வெளிய வர்ற மாதிரி பைய தள்ளுங்க, அப்பறம் வெறும் தண்ணி, நுரை சுத்தமா போற வரைக்கும். சோப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் மை நீத்துப்போயி பேப்பர்ல ஊற ஆரம்பிக்கும்.

கன்வெர்ட்டர், அதான் திருகி மை உறிஞ்சுற குட்டிக் குழாய், போட்ட பேனான்னா அதக் கழட்டி வெளிச்சத்துல பாருங்க. மை பின்னாடி பக்கம் தொங்கிட்டு நிக்கும், முன்னாடி காத்து இருக்கும், குறுகலான குழாய்க்குள்ள மை சுவத்தப் பிடிச்சுக்கிட்டு எறங்க மாட்டேங்கும். விரலால ரெண்டு தட்டு தட்டுங்க, இல்லன்னா திருகிய லேசா திருகி நிப்புல ஒரு சொட்டு எட்டிப் பாக்குற வரைக்கும் தள்ளி, அந்த சொட்ட டிஷ்யூல ஒத்தி எடுங்க. சில கன்வெர்ட்டர்ல உள்ள ஒரு குட்டி குண்டு கெடக்கறது இதுக்குத்தான், ஆட்டுனா மை எறங்கும்.

மை அடைச்சே வர்ற கார்ட்ரிட்ஜ்னா குத்திருக்கான்னு பாருங்க. லேமி, பார்க்கர், பைலட், பிளாட்டினம் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கார்ட்ரிட்ஜ், ஒண்ணு இன்னொண்ணுல சேராது, இண்டர்நேஷனல் ஸ்டாண்டர்டுன்னு பொதுவான ஒண்ணு வேற இருக்கு. கூட்டத்துல "இந்தாங்க, ஏங்கிட்ட ஒண்ணு இருக்கு"ன்னு அன்பா எடுத்துக் குடுப்பாங்க, உள்ள போற மாதிரியே இருக்கும், ஆனா குத்தாது. அழுத்தித் திணிச்சா கழுத்து உள்ளார இருக்கற முளை ஒடைஞ்சிரும்.

ரொம்ப நாள் மை காஞ்சு கெடந்த பேனான்னா நிப்பும் கழுத்தும் மட்டும் முங்குற மாதிரி ராத்திரி தண்ணியில போட்டு வைங்க, காலைல சாயம் பிரிஞ்சு நிக்கும், தண்ணிய மாத்தி இன்னொரு ராத்திரி. அவசரப்பட்டு கொதிதண்ணி ஊத்தாதீங்க. எபோனைட், அதான் கெட்டி ரப்பர், அந்தப் பேனா கொதிதண்ணி பட்டா கறுப்பு போயி பழுப்பு, இல்ல ஒரு மாதிரி பாசிப்பச்சைக்கு வந்துரும். பேனா உடம்ப ஸ்பிரிட்ல முக்கறது, சானிடைசர் வெச்சு தொடைக்கறது ரெண்டும் வேண்டவே வேண்டாம், அக்ரிலிக் அங்கங்க விரிசல் விடும்.

இதுல ஒரே ஒரு விஷயம் நிஜமாவே பேனாவக் கொல்லும். படம் வரையற வாட்டர்ப்ரூஃப் ட்ராயிங் இங்க், இந்தியன் இங்க். பாட்டில் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஸ்டேஷனரி கடைல ஒரே தட்டுல பக்கத்துல பக்கத்துல அடுக்கியிருப்பாங்க, ஆனா அதுல அரக்கு கலந்திருக்கு, கரிப்பொடி கலந்திருக்கு, காஞ்சா தண்ணியில கரையாது. புதுசா வர்ற புள்ளைக கருப்பா அடர்த்தியா இருக்கேன்னு இத ஊத்திருதுக. பேனா மைன்னு பாட்டில்ல போட்டிருந்தா மட்டும் ஊத்துங்க.

மூடி வெச்ச பேனா காலைல எழுத மாட்டேங்குது

ராத்திரி நல்லா எழுதுச்சு, மூடிதான் வெச்சோம், காலைல எடுத்தா நாலு கோடு இழுத்தாதான் வருது. இதுக்கு நிப்பு காரணம் இல்ல, மூடி. மூடிய நல்லாத் தொடச்சுட்டு தொறந்த பக்கத்த வாயில வெச்சு ஊதுங்க, காத்து எங்கிட்டாவது போகுதுன்னா அதே வழியாத்தான் மையில இருக்கற தண்ணியும் ஆவியாப் போகுது. க்ளிப்பு சொருகியிருக்கற எடம், மூடி உச்சியில இருக்கற மரை, இந்த ரெண்டும்தான் ஓட்டை. சில மூடியில வேணும்னே ஓட்டை விட்டிருப்பாங்க, சின்னப்புள்ளைக மூடிய முழுங்கிட்டா மூச்சு போகணும்னு, அத அடைக்காதீங்க. உச்சி மரையில கசிவுன்னா கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவுனா சரியாயிரும்.

நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு இது இன்னும் மோசம். ஆவியாகி ஆவியாகி உள்ள மை கெட்டியாகும், நீலம் கருநீலமாகும், அப்ப மை நெறம் மாறிப்போச்சுன்னு பாட்டில சந்தேகப்படுவோம். அதுக்கு மேல மை ஊத்தாதீங்க, கெட்டி மேல கெட்டிதான் சேரும், ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு பாருங்க. இதுக்குன்னே பிளாட்டினம் கம்பெனி மூடிக்குள்ள ஸ்பிரிங் வெச்ச இன்னொரு மூடி மாதிரி செஞ்சு, அவங்க ப்ரெப்பிங்கிற சீப்பான பேனால கூட போட்டிருக்காங்க, வருஷக்கணக்குல மூடி வெச்சாலும் காயாதுன்னு சொல்றாங்க. நெறைய பேனா வெச்சிருக்கவங்க அத்தனைலயும் மை ஊத்தி வைக்காம மூணு நாலுல மட்டும் ஊத்தி, மத்தத கழுவிக் காயவெச்சு வைக்கறதுதான் நல்லது.

கக்குது

இது மை நேரா உடம்புக்குள்ள ஊத்துற பேனாவுக்கு வர்ற வியாதி, நம்ம ஊர்ல பழைய ஆளுக எல்லாருக்கும் சட்டைப் பையில ஒரு நீல வட்டம் இருந்ததுக்கு இதான் காரணம். ஃபுல்லா இருக்கறப்ப நல்லாத்தான் எழுதும், பாதிக்குக் கீழ வந்ததும் திடீர்னு ஒரு சொட்டு பேப்பர்ல விழும்.

என்ன நடக்குதுன்னா, மை கொறைய கொறைய அந்த எடத்துல காத்து நெறையுது, காத்து சூடானா விரியும், விரிஞ்சா மைய வெளிய தள்ளும். கணக்கு போட்டே பாக்கலாம். உள்ள 2 மில்லி காத்து இருக்கு, ஏசி ரூம்ல 25 டிகிரில இருந்த பேனாவ எடுத்துக்கிட்டு 38 டிகிரி வெயில்ல வந்தா காத்து நூத்துக்கு நாலு பங்குக்கு மேல விரியும், அதாவது கிட்டத்தட்ட 0.09 மில்லி. ஒரு சொட்டு சுமாரா 0.05 மில்லி, அப்ப ரெண்டு சொட்டுக்குக் கிட்ட வெளிய வந்தே ஆகணும். ஃபீடுல இருக்கற வரி வரியான வெட்டு இந்த எச்ச மையத் தாங்கிப் பிடிக்கத்தான் இருக்கு, அது ஓரளவுக்குத்தான் தாங்கும். ஏசி இல்லாட்டியும் காலைல ஜில்லுனு இருக்கற பேனாவ உள்ளங்கையில பிடிச்சு பத்து நிமிசம் எழுதுனா கைச்சூடே போதும். அதனாலதான் எபோனைட் பேனா தடிமனா செய்யறாங்க, அது சூட்ட வெரசா கடத்தாது. உடம்பு பூரா மெட்டலா இருக்கற பேனால நேரா மை ஊத்தலாமான்னு அடிக்கடி கேக்கறாங்க, ஊத்தாதீங்க, கைச்சூடு அப்படியே உள்ள போகும், மை பட்டு மெட்டலும் அரிக்கும்.

வழி ரொம்ப சிம்பிள். பாதிக்குக் கீழ போக விடாம ஊத்திருங்க. வெளிய எடுத்துட்டுப் போறப்ப நிப்பு மேல பாக்க நிக்கட்டும். எடுத்ததும் எழுதாம, நிப்ப மேல பாக்க வெச்சே மூடியத் தொறந்து கொஞ்ச நேரம் கையில வெச்சிருந்துட்டு எழுதுங்க, விரியற காத்து மைய தள்ளாம தானா வெளிய போயிரும்.

கூட்டத்துக்கு கொடைக்கானல் போறவங்களுக்கு இத இன்னும் அழுத்திச் சொல்றேன். மதுர கடல் மட்டத்துல இருந்து நூத்துச் சொச்சம் மீட்டர்தான், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஏற வெளிய காத்தழுத்தம் கொறையுது, பேனாக்குள்ள அடைபட்ட காத்து விரியுது, மேல குளிர்ல சுருங்கறதக் கழிச்சாலும் அஞ்சுல ஒரு பங்கு கூடிரும். உள்ள 1 மில்லி காத்து இருந்தா 0.2 மில்லி, நாலு சொட்டு, மூடிக்குள்ள. ஒண்ணு சுத்தமா மை எடுத்துட்டுப் போங்க, இல்ல விளிம்பு வரைக்கும் ஊத்தி நிப்பு மேல பாக்க வெச்சுக் கொண்டு போங்க. பாதி மட்டும் ஊத்திக்கிட்டு போகாதீங்க.

சொட்டா விழாம கழுத்துக்கிட்ட மட்டும் விரல் நீலமாகுதுன்னா அது கக்கல் இல்ல, மரையில கசிவு. பேனாவ நல்லாத் தொடச்சு கழுத்துச் சந்துல டிஷ்யூவச் சுத்தி ஒரு ராத்திரி வைங்க, எந்த எடத்துல கறை வருதோ அங்கதான் கசிவு. மரைக்கு சிலிக்கான் கிரீஸ், துளியூண்டு. வாஸ்லின் தடவாதீங்க, அதுல ரப்பர் வளையம் உப்பிப்போயிரும். பைப்புக்குச் சுத்துற டெஃப்லான் டேப்ப ஒரு சுத்து சுத்தலாம், ஆனா மூணு நாலு சுத்து சுத்தி முறுக்குனீங்கன்னா பிளாஸ்டிக் உடம்பு நெடுக்க வெடிச்சிரும்.

விட்டு விட்டு எழுதுது, புள்ளி விழ மாட்டேங்குது

நமக்கு தமிழ் எழுத்தே ஒரு நல்ல சோதனை. வெளிநாட்டுக்காரங்க எட்டு எட்டா சுழிச்சுப் பாப்பாங்க, நமக்கு அது தேவையில்ல. 'ட' எழுதுங்க, நேர்க்கோடு ரெண்டும் தெரிஞ்சிரும். 'ழ', 'ஞ', 'இ' எழுதுனா முனை எல்லாப் பக்கமும் சுத்தி வரும், எந்தத் திருப்பத்துல கோடு வெளிறுதுன்னு பாத்துக்கோங்க. அப்பறம் 'க்', 'ம்', 'ல்'னு வரிசையா மெய்யெழுத்தா எழுதுங்க. புள்ளிதான் பெரிய பரீட்சை, இழுக்காம சும்மா தொட்டு எடுக்கறோம், தொட்ட நொடில மை பேப்பருக்கு எறங்கணும். எழுத்து நல்லா விழுது, புள்ளி மட்டும் நாலுல ஒண்ணு விழலன்னா நிப்பு முனைய அளவுக்கு மேல பாலிஷ் போட்டிருக்காங்க. முனையில நடுக் கீறலோட உள் விளிம்பு ரெண்டும் உருண்டு போயி ஒரு குழி மாதிரி ஆயிருக்கும், மை அந்தக் குழிக்கு மேல நின்னுக்கும், பேப்பரத் தொடாது. கொஞ்சம் அழுத்துனா எழுதும், அழுத்தாட்டி எழுதாது, அதான் அடையாளம். லென்ஸ்ல முனைய நேருக்கு நேர் பாத்தா குழி தெரியும்.

ஆனா உடனே அந்த முடிவுக்கு வந்துராதீங்க. அதுக்கு முன்னாடி பேப்பர மாத்துங்க. கை வேர்வை, எண்ணெய் பட்ட எடத்துல மை ஒட்டாது, பக்கத்தோட கீழ்ப்பாதில மட்டும் விடுதுன்னா கண்டிப்பா கை படுற எடம்தான் காரணம், கைக்குக் கீழ ஒரு தாள் வெச்சுக்கிட்டு எழுதுங்க. அப்பறம் மைய மாத்துங்க, கொஞ்சம் தாராளமா எறங்கற மை ஊத்துனா பாதி பேனா சரியாயிருது. இரும்பு கலந்த மை, அந்த எழுத எழுத கறுக்குற மை, அது எறங்கறது கம்மி, வறண்ட நிப்புல அத ஊத்துனா விடத்தான் செய்யும்.

கோடு முழுக்க வெளிறி, மெலிசா, எப்பவும் தாகத்தோட எழுதுதுன்னா கீறல் இறுகியிருக்கு. நிப்ப வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்க, நடு ஓட்டையில இருந்து முனை வரைக்கும் மயிரிழையா வெளிச்சம் தெரிஞ்சு முனைகிட்ட மட்டும் சேரணும். சுத்தமா வெளிச்சமே இல்லன்னா இறுக்கம். இங்கதான் நம்மாளுக பழைய பழக்கத்துல அரை பிளேடு எடுப்பாங்க, பள்ளிக்கூடத்துல எல்லாரும் நிப்ப அப்படித்தான் பொளந்தோம். ஷேவிங் பிளேடு 0.1 மில்லிமீட்டர் தடிமன், ஓரம் கூர், இரும்பு, கீறலோட உள் சுவத்தையே செதுக்கிரும், அப்பறம் மை ஒரு சீரா வராது. அதுக்கு 0.05 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு இருக்கு, ஷிம்னு சொல்லுவாங்க, பித்தளை மெத்து, நிப்பக் கீறாது. அத மேல இருந்து கீழ ரெண்டு தடவ இழுங்க, எழுதிப் பாருங்க, போதலன்னா இன்னும் ரெண்டு. ஒரேயடியா விரிச்சிட்டீங்கன்னா சேக்கறது பெரும்பாடு.

கீச்சுது

சத்தம் வேற, கீச்சல் வேற. சில நிப்பு பென்சில் மாதிரி சரசரன்னு ஒரு உணர்வு குடுக்கும், அது கொறை இல்ல, எனக்கு அதுதான் பிடிக்கும். பேப்பர் நாரப் பிச்சு எடுக்குது, ஒரு பக்கம் இழுக்கறப்ப மட்டும் முள்ளா குத்துது, அதுதான் கீச்சல்.

லென்ஸ்ல முனைய நேருக்கு நேர் பாருங்க. கீறலுக்கு ரெண்டு பக்கமும் நிக்கற ரெண்டு காலும் ஒரே மட்டத்துல இருக்கணும், பெரும்பாலும் ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கி இருக்கும். ஏறி நிக்கற கால, விரல் நகத்தால முனைக்குக் கொஞ்சம் மேல லேசா கீழ அமுக்கி விட்டு, எழுதிப் பாருங்க, மறுபடி பாருங்க. அவ்வளவுதான், கீச்சலுக்கு நெறைய நேரம் இதுக்கு மேல வைத்தியமே கெடையாது. அதையும் செய்யறதுக்கு முன்னாடி கீறலுக்குள்ள பேப்பர் நார் சிக்கியிருக்கான்னு பாத்துருங்க, சொரசொரப்பான நோட்டுல எழுதுனா சிக்கும், தகட்ட விட்டு இழுத்தா வந்துரும்.

ரெண்டு காலும் மட்டமா இருந்தும் கீச்சுதுன்னா மட்டும் பாலிஷ், அதுவும் 12,000 நம்பர் மைக்ரோமெஷ்ல (ரொம்ப நைசான உப்புத்தாள் மாதிரி), தண்ணி விட்டு, நிப்புல மை இருக்கறப்பவே, உங்க கையெழுத்து சாய்வுலயே கொஞ்சம் சுழிச்சுட்டு உடனே எழுதிப் பாக்கணும். சிமெண்டு தரையில, டைல்ஸ்ல, தீப்பெட்டி ஓரத்துல தேக்கறத விட்டுருங்க. முனையில இருக்கற அந்தக் குட்டி உருண்டை வேற கடினமான உலோகம், வெல்டு பண்ணி வெச்சது, பழைய நாள்ல ஆஸ்மியம் இரிடியம் கலப்பு, அதான் இன்னைக்கும் இரிடியம் நிப்புன்னு பேரு நிக்குது. அது தேஞ்சு போச்சுன்னா அடியில இருக்கற வெறும் ஸ்டீலோ தங்கமோ பேப்பர்ல ஒரஞ்சு மாசத்துல மொக்கையாயிரும்.

என் கையில எழுதுது, அவர் கையில எழுத மாட்டேங்குது

கூட்டத்துக்குக் கூட்டம் நடக்கறது இது. நீங்க ஆசையா வளத்த பேனாவ பக்கத்துல இருக்கவருகிட்ட குடுக்கறீங்க, அவர் ரெண்டு கோடு போட்டுட்டு "என்னண்ணே, வரல"ங்கறாரு, நீங்க வாங்கி எழுதுனா சல்லுனு ஓடுது. பேனாலயும் கோளாறு இல்ல, அவர் மேலயும் தப்பு இல்ல.

மொதக் காரணம், பால்பாயிண்ட் கை. பால்பாயிண்ட்ட நிமித்திப் பிடிச்சு அழுத்தி எழுதணும், அது பழகுன கை இங்கயும் அழுத்தும். அழுத்துனா கால் ரெண்டும் விரிஞ்சு நடுவுல மை அறுந்துரும், நிமித்திப் பிடிச்சா முனையோட நுனி மட்டும்தான் படும். "அண்ணே, கொஞ்சம் படுக்க வெச்சுப் பிடிங்க, அழுத்தவே வேண்டாம், அதோட கனமே போதும்"னு சொல்லிக் குடுங்க. ரெண்டாவது, திருப்பிப் பிடிக்கறது. நிப்பு மேல இருக்கற எழுத்து வானத்தப் பாக்கணும், சிலர் உள்பக்கம் லேசா உருட்டிப் பிடிப்பாங்க, அப்ப ஒரு கால் மட்டும் பேப்பரத் தொடும். மூடியோட க்ளிப்ப நிப்புக்கு நேரா வர்ற மாதிரி பின்னாடி மாட்டிக் குடுத்தீங்கன்னா கண்ணுக்கு ஒரு அடையாளம் கெடைக்கும். மூணாவது, எடக்கை. எடக்கைக்காரங்க நிப்ப இழுக்காம தள்ளுறாங்க, மெலிசு நிப்பு குத்தும், அவங்களுக்கு உருண்டையான மீடியம் நிப்பு, வெரசா காயற மை எடுத்து வைங்க. ஸ்டப் நிப்பு, அந்த பட்டையா வெட்டுன நிப்பு, அதுக்கு இன்னும் பிடிவாதம் அதிகம், முனை முழுசா பேப்பர்ல உக்காரலன்னா எழுதவே எழுதாது, கூட்டத்துல புது ஆளுக்கு மொத பேனாவா அதக் குடுக்காதீங்க.

பேனாவ வாங்கிப் பாக்கறவங்களும் சிலது கேட்டுக்கிட்டு செய்யணும். மூடி திருகறதா இழுக்கறதான்னு கேளுங்க, திருகற மூடிய இழுத்தா மரை போச்சு. பின்னாடி மூடி மாட்டலாமான்னு கேளுங்க, பழைய பேனால மாட்டுனா கோடு விழும், மூடி உதடு வெடிக்கும். அழுத்தி பட்டையா வருதான்னு பாக்கறது கூடவே கூடாது, இப்ப வர்ற ஸ்டீல் நிப்பு அதுக்கு செஞ்சதில்ல, வளைஞ்சா திரும்பாது. மைய ருசி பாக்க அடுத்தவர் பாட்டில்ல உங்க பேனாவ முக்காதீங்க, உங்க பேனால இருக்கற பழைய மை, பூஞ்சை எல்லாம் அவர் பாட்டிலுக்குப் போகும், சிரிஞ்சுல 2 மில்லி எடுத்து குட்டி டப்பாவுல குடுங்க. கூட்டத்துக்கு எடுத்துட்டு வர்றவங்க ஒரு சின்ன அட்டைல பேனா பேரு, நிப்பு சைஸு, உள்ள என்ன மை, எப்படித் தொறக்கணும்னு எழுதி பக்கத்துல வெச்சுட்டாலே பாதி பிரச்சனை வராது. வெலை உயர்ந்த பேனாவ கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சு தூரத்துல நின்னு பாக்கச் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல, பேனா எழுதறதுக்கு, அடுத்தவங்க கையிலயும் எழுதணும், அதுக்குத்தான் இவ்வளவு மெனக்கெடறோம்.

மை ஊறுது, பின்பக்கம் தெரியுது

பேப்பர். ஜிஎஸ்எம், அதான் ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தன கிராம்ங்கற கணக்கு, அது கூடுனா ஊறாதுன்னு நெனைக்கறாங்க, அப்படி இல்ல, பேப்பர் செய்யறப்ப மை உறிஞ்சாம இருக்க ஸ்டார்ச் மாதிரி பூச்சு எவ்வளவு சேத்திருக்காங்கங்கறதுதான் கணக்கு. 100 ஜிஎஸ்எம்லயும் ஊறும், 52 ஜிஎஸ்எம் டோமோயே ரிவர்ங்கற ஜப்பான் பேப்பர்ல ஊறாது. கடைல நோட்டு வாங்குறப்ப பேனாவக் கொண்டு போயி கடைசிப் பக்கத்துல ஒரு 'ண' எழுதிப் பாக்க அனுமதி கேளுங்க, மதுர கடைக்காரங்க நெறைய பேரு சரிம்பாங்க. அதே நோட்டு மழைக்காலத்துல ஊறும், வெயில் காலத்துல ஊறாது, பேப்பர் ஈரத்த இழுத்துருக்கும். பேப்பர மாத்த முடியாத எடம்னா மெலிசு நிப்பு போடுங்க. தமிழுக்கு எப்படியும் மெலிசுதான் வசதி, தடி நிப்புல சின்னதா எழுதுனா 'ண', 'ணை' சுழியெல்லாம் அடைஞ்சு போகுது.

மை நாறுது, நூல் நூலா மெதக்குது

பூஞ்சை. அந்த பாட்டில கீழ கொட்டிருங்க, எவ்வளவு வெலை குடுத்து வாங்கியிருந்தாலும். அந்த மை ஊத்துன பேனா அத்தனையும் பிரிச்சுக் கழுவி நல்லாக் காய வைங்க. பூஞ்சை இல்ல, வெறும் கசடா அடியில நிக்குதுன்னா ரெண்டு மைய ஒண்ணாக் கலந்திருப்பீங்க, ஒண்ணு அமிலமும் ஒண்ணு காரமுமா இருந்தா சாயம் திரிஞ்சிரும். கலந்து பாக்க ஆசைன்னா மொதல்ல கண்ணாடி டப்பால கலந்து ரெண்டு நாள் வெச்சுப் பாருங்க. பேனால மிச்சம் இருக்கற மைய பாட்டிலுக்குள்ள திரும்ப ஊத்தாதீங்க.

தாத்தா பொட்டியில கெடந்த பேனா

இது கைக்கு வந்ததும் அவசரமே படக்கூடாது. கழுத்து திருகலன்னா பிளையர் எடுக்காதீங்க. ஒரு ராத்திரி தண்ணி, அப்பறம் ஹேர் டிரையர் கம்மிச் சூட்டுல தூரமா காட்டி, ரப்பர் துண்டு வெச்சுப் பிடிச்சு பைய முறுக்குங்க. பழைய பளபளப்பு வரி போட்ட செல்லுலாய்டு பேனாவா இருந்தா சூடே காட்டாதீங்க, அது தீப்பிடிக்கற சாமான். உள்ள ரப்பர் பை இருக்கற வகைன்னா பை காஞ்சு கல்லாயிருக்கும், ஆட்டுனா கலகலன்னு சத்தம் வரும், புதுப் பை போடணும். பார்க்கர் 51ல அமுக்குற வகைன்னா தைரியமா தண்ணி இழுத்துப் பாருங்க, அதுல இருக்கறது ரப்பர் இல்ல, பிளாஸ்டிக் பை, எழுவது வருஷம் ஆகியும் நெறையது வேலை செய்யுது. ஹீரோ 616 மாதிரி நிப்பு மூடிக்கிட்டு இருக்கற பேனால நிப்ப முன்னாடி இருந்து இழுக்காதீங்க, மேல மூடியிருக்கற கூட்ட திருகித்தான் கழட்டணும்.

எபோனைட்டுன்னா தேச்சு மோந்து பாத்தா ரப்பர், கந்தக வாடை வரும். ராஜமுந்திரி ரத்னம் பேனா அந்த வகை, சுதேசிப் பேனா வேணும்னு காந்தி கேட்டு செஞ்சதுன்னும், 1935ல அவர் நன்றி சொல்லி கடிதம் எழுதுனாருன்னும் பேனாக்காரங்க எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கும் திருவள்ளூர்ல ரங்கா பேனா கையால கடைஞ்சு எபோனைட்ல செய்யறாங்க. அது வெளிறியிருந்தா தேச்சு கறுப்பாக்கணும்னு நெனைக்காதீங்க, மேல பொறிச்ச எழுத்து அழிஞ்சிரும். வெயில் படாம வைங்க. எபோனைட்ல இருந்து வர்ற கந்தகத்துல வெள்ளி பூண் போட்ட பேனா கறுக்கும், பழைய செல்லுலாய்டும் ஆவி விடும், மூணையும் காத்து போகாத ஒரே டப்பாவுல போட்டு பூட்டாதீங்க. பீரோல வைக்கறவங்க பாச்சா உருண்டைய அந்தத் தட்டுல போடவே போடாதீங்க, அந்த ஆவி சில பிளாஸ்டிக்க இளக்கிரும்.

கீழ விழுந்து நிப்பு வளைஞ்சிருச்சு

மூடி போடாத பேனா மொசைக் தரையில நிப்பு குத்த விழுந்தா ரெண்டு காலும் கொக்கி மாதிரி மடங்கும். அந்த எடத்துலயே நிமித்திப் பாக்காதீங்க, எழுதிப் பாக்கவும் வேண்டாம். உடனே மூடாதீங்க, மூடிக்குள்ள இடிச்சு இன்னும் மடங்கும். தண்ணியில அலசி டிஷ்யூல சுத்தி எடுத்து வைங்க. ஸ்டீல் நிப்புன்னா நெனச்சு வருத்தப்பட வேண்டியதில்ல, 5 நம்பர், 6 நம்பர்னு பொதுவான சைஸுல தனியா கெடைக்குது, 6 நம்பர்னா நீளம் சுமாரா 35 மில்லிமீட்டர் இருக்கும், அளந்து பாத்து வாங்கி, நிப்பும் ஃபீடும் ஒண்ணா சேத்து நேரா இழுத்து எடுத்து, அதே மாதிரி புதுச சொருகுங்க. சொருகுன பொறகு நிப்புக்கும் ஃபீடுக்கும் நடுவுல எடைவெளி தெரிஞ்சா எழுதாது, எபோனைட் ஃபீடுன்னா அத மட்டும் சுடுதண்ணியில கொஞ்ச நேரம் காட்டி எடுத்து நிப்போட சேத்து விரலால அமுக்கிப் பிடிச்சு ஆற விட்டா உக்காந்துரும், பிளாஸ்டிக் ஃபீடுன்னா வேற ஃபீடு மாத்திப் பாருங்க. தங்க நிப்புன்னா மட்டும் நீங்க தொடாதீங்க, அதுக்குன்னு நிப்பு வேலை தெரிஞ்சவங்ககிட்ட அனுப்புங்க, அனுப்பறப்ப மடங்குன நிப்ப எப்படி இருக்கோ அப்படியே லென்ஸ் வழியா ரெண்டு போட்டோ எடுத்து கூடவே குடுத்துருங்க.